இடப்பக்கம் சாய்ந்த போட்

அத்தியாயம் 11

கிருஷாந்தன் அந்தச் சின்ன உல்லாசப் போட்டை வாங்கி வந்த அன்று, சிவரூபி அவனோடு கதைப்பதை நிறுத்தினாள். பிறகு ஒரு மாலை, யாரும் கேட்காமலே, தானாகப் போய் அதில் ஏறி உட்கார்ந்தாள். அதன்பின் ஒரு மாலையும் தவறவில்லை.

எங்கும் போவதில்லை. வீட்டுக்கு முன்னால், கரையில் கயிறு கட்டினபடியே கிடக்கும் போட்டில் வலப்பக்கத்து இருக்கையில் இருப்பாள். எதிரே, பின்பக்கத்து இடது மூலை இருக்கையில் ஒரு கோப்பை இஞ்சிப் பிளேன்டீயை வைப்பாள். அந்த மூலையைப் பார்த்துக் கொஞ்சநேரம் கதைத்துவிட்டு இறங்கி வந்து சோறு சமைப்பாள். கட்டிய மனைவி வெறும் இருக்கையோடு கதைப்பதை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பது எந்தப் புருஷனுக்கும் லேசான காரியமில்லை.

இடது மூலை என்றால் அது கோணேஸ்வரனின் இடம். சிவரூபியின் ஒரே தம்பி. அவனுக்கு இடது காது கேட்காது. அதனால் வள்ளத்தில் ஏறினால் இடது ஓரத்தில்தான் இருப்பான். மற்றவர்கள் எல்லாரும் அவனுடைய நல்ல காதின் பக்கம் இருக்க வேண்டும். அவர்களுடைய ஊரான சல்லியில் அந்தக் குடும்பத்து வள்ளத்தில் வேறு எவரும் அந்த மூலையில் இருந்ததில்லை. ஒரு மாரிக் காலத்தில் அவன் தனியே கடலுக்குப் போனான். வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது.

உடம்பு கிடைக்கவில்லை. உடம்பைக் காணாமல் ஒரு கிரியையும் செய்ய விடமாட்டேன் என்று தாய் இரத்தினேஸ்வரி சொல்லிவிட்டாள். இன்றுவரை அந்தப் பேச்சு மாறவில்லை. சிவரூபியும் அதன்பிறகு எந்த வள்ளத்திலும் கால் வைக்கவில்லை, இந்தப் போட் இடப்பக்கம் சாயத் தொடங்கும்வரை.

ஆம், போட் சாய்ந்தது. உட்துறைமுகத்துத் தண்ணீர் அசையாத தண்ணீர். கந்தளாய்க் குளத்தில்கூட இதைவிட அலை அடிக்கும். அதில் பக்கத்து மீன்பிடி வள்ளங்கள் எல்லாம் நேராக நிற்க, இது மட்டும் பின்பக்கம் இடது மூலையில் ஒரு ஆள் இருக்கிற மாதிரிச் சாய்ந்து நின்றது. முதலில் கொஞ்சம். வாரம் போகப் போக இன்னும் கொஞ்சம்.

சிவரூபி அதைத் தாயிடம் தொலைபேசியில் சொல்லியும் விட்டாள். அன்றிலிருந்து இரத்தினேஸ்வரி விளக்கு வைக்கும் நேரத்தில் தானே எடுத்து, போட் எப்படி நிற்கிறது என்று கேட்கிறாள். சாய்ந்துதான் நிற்கிறது என்று மகள் சொல்கிறாள். சரி என்று தாய் வைத்துவிடுகிறாள். வேறு கதை இல்லை.

சனிக்கிழமை காலை கிருஷாந்தன் பல் துலக்கிக்கொண்டு கரைக்கு வந்தபோது, போட்டின் இடது விளிம்பு தண்ணீரைத் தொடப் பார்த்தது. நேற்று வைத்த தேநீர்க் கோப்பை சறுக்கிப்போய் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. அவன் படித்தவன், ஹோட்டல் ஒன்றில் மனேஜர், பேய் பிசாசை நம்பாதவன். ஆனாலும் அந்த மூலையை நேராகப் பார்க்காமல்தான் கோப்பையை எடுத்தான்.

விற்றுவிடுவது என்று அவன் ஏற்கனவே முடிவு செய்திருந்தான். அந்த முடிவுக்குப் பேய் மட்டும் காரணம் இல்லை.

நிலாவெளியில் மூடிய ஒரு விடுதியிலிருந்து மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கின போட். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி பிள்ளையோடு துறைமுகத்தைச் சுற்றலாம், மனதும் ஆறும் என்று கனவு கண்டான். கிடைத்தது வேறு. ஒரு மாதம் என்ஜின் ஓடாது, மறு மாதம் பற்றரி இறங்கிவிடும், அது சரியானால் பதிவுக்கு அலைச்சல். போட்டில் போன நேரத்தைவிட அதைக் கழுவின நேரம்தான் அதிகம். கழுவுவதில் மட்டும் அவன் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நல்ல தண்ணீர்க் குழாயைப் பிடித்து, இருக்கை இடுக்கெல்லாம் அடித்துக் கழுவினான்.

மாமனார் தம்பு சல்லியிலிருந்து ஒருமுறை வந்து பார்த்தார். மீன் பிடிக்காத போட் என்னத்துக்கு, இதுக்குச் சோறு போடுறது ஆர் என்று கேட்டுவிட்டு, ஏறாமலே பஸ் எடுத்துப் போய்விட்டார்.

வாங்குவதற்கு ஆள் வந்தது காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. கிண்ணியாவிலிருந்து ஜவாஹிர் நானா. வாடகைக்குப் போட் விடுகிறவர், நாலு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டே விலை குறைக்கிறவர் என்று பெயர். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. போட்டைக் கரையில் நின்று பார்த்தார். ஏறினார். இடது மூலைக்குப் போகாமல் நடுவில் நின்றுகொண்டே, இந்த மூலையில் என்ன பாரம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஒண்டும் இல்ல நானா," என்றான் கிருஷாந்தன்.

ஜவாஹிர் குனிந்து வலப்பக்கத்து இருக்கைக்குக் கீழே விரல் மொழியால் தட்டினார். வெறும் பெட்டியில் தட்டுகிற மாதிரி டொக் டொக் என்றது. இடப்பக்கம் தட்டினார். சத்தமே எழும்பவில்லை. ஈரச் சுவரில் தட்டினது போலிருந்தது.

"தம்பி, கோவிக்கப்படாது. இது தண்ணி. உள்ளுக்கு முழுக்கத் தண்ணி."

பிறகு விளக்கமாகச் சொன்னார். இப்படிப்பட்ட போட்டுகளில் இருக்கைக்குக் கீழே, தாழாமல் இருக்கவென்று பஞ்சு போன்ற செயற்கை நுரை அடைத்த பெட்டி வைப்பார்கள். நல்ல போட் என்றால் பெட்டியை முழுக்க மூடி ஒட்டியிருப்பார்கள். மலிவாகச் செய்கிறவர்கள் இருக்கையின் ஆணியை நேரே பெட்டிக்குள் இறக்கிவிடுவார்கள். ஆணி தளர்ந்தால் அந்த ஓட்டையால் மழைத் தண்ணீர் போகும், கழுவுகிற தண்ணீர் போகும். போனது வெளியே வராது, நுரை குடித்துக்கொண்டே இருக்கும்.

"நீங்க கழுவக் கழுவ அது குடிச்சிருக்கு," என்றார். "இதோட கடலுக்குப் போயிராதீங்க. இடப்பக்கத்தால ஒரு அலை வந்தாக் கவிட்டுப் போடும். வெட்டித் திறந்து, காயவச்சுப்போட்டு எனக்குச் சொல்லுங்க. வாறன்."

ஜவாஹிரின் மோட்டார்சைக்கிள் போன பிறகும் கிருஷாந்தன் கரையிலேயே நின்றான். முதலில் வந்தது நிம்மதி. பேயில்லை, பிசாசில்லை, தான் குழாய் பிடித்து ஊற்றின தண்ணீர். சிரிப்புக்கூட வந்தது. அடுத்த கணம் சிரிப்பு நின்றுவிட்டது. இதைச் சிவரூபியிடம் எப்படிச் சொல்வது? உன் தம்பி வந்து இருக்கவில்லை, ஊறின நுரைதான் இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

சொல்லாமலும் விட ஏலாது. மகள் லக்சாயினி நாளைக்குத் தன் சிநேகிதிகளோடு இதே போட்டில் மாபிள் பீச் வரை போவதாக இருந்தது. தகப்பன்தான் ஓட்டிப் போவதாக ஏற்பாடு. வகுப்பு முழுக்கச் சொல்லியும் விட்டாள்.

குசினியில் சிவரூபி கீரி மீன் துப்பரவாக்கிக்கொண்டிருந்தாள். கிருஷாந்தன் வாசலில் நின்று, ஜவாஹிர் வந்து போனதைச் சொன்னான். போட் வேண்டாமாம் என்றான். அவள் தலை நிமிரவில்லை.

"உள்ளுக்குத் தண்ணியாம்," என்றான் கடைசியில்.

"ஓம்."

அந்த ஓமில் ஆச்சரியம் இல்லை. அவனுக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது.

"உமக்குத் தெரியுமோ?"

"நான் தம்புவின்ர மகள். போட்டுக்குள்ள தண்ணி நிக்கிறது எனக்குத் தெரியாதே?" கத்தியைக் கீழே வைத்தாள். "முதல் நாள் கண்டு பயந்துதான் போனனான். அடுத்த நாள் போய்த் தட்டிப் பாத்தன். அப்பவே விளங்கீட்டுது."

"பிறகு என்னத்துக்கு ஒவ்வொரு நாளும் போய்..."

"அது அவன் இருந்த மாதிரியே சாயுதப்பா. அவ்வளவு பாரம், அந்த மூலை. அப்பிடிச் சாய்ஞ்சு நிண்டா எனக்குக் கதைக்க ஏலும். நேரா நிக்கிற போட்டில வெறுங் கதிரையோட இருந்து கதைக்க எனக்கென்ன விசரே?"

இத்தனை வருஷத்தில் அவள் தம்பியைப் பற்றிக் கிருஷாந்தனிடம் இவ்வளவு கதைத்ததில்லை. அதுவும் அவனுக்கு வலித்தது.

நாளைக்குப் பிள்ளைகள் போகிறார்களே என்று மட்டும் மெல்லக் கேட்டான். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. எல்லாரையும் வலப்பக்கம் இருக்கச் சொல்லியிருக்கிறாளாம். அந்த மூலையில் ஒருவரும் இருக்கக் கூடாது என்று லக்சாயினியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாளாம். அப்படி இருந்தால் போட் நேராகப் போகும். தம்பி இருந்த காலத்திலும் மற்ற எல்லாரும் வலப்பக்கம் இருந்துதான் வள்ளம் நேராகப் போனது. அவள் இதைச் சமையல் கதை சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். அதைக் கேட்டபோதுதான் கிருஷாந்தனுக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. ஓட்டையை அடைக்க வேண்டிய இடத்தில் இந்த வீடு செத்தவனுக்கு எதிர்ப்பக்கம் ஆட்களை இருத்திக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் குரலை உயர்த்துவதற்கு வாயைத் திறந்தான். அப்போது கரைப் பக்கமிருந்து கடற்படைப் படகொன்றின் இரைச்சல் கேட்டது. துறைமுகத்தில் அது தினமும் கேட்கிற சத்தம், ஒருவரும் கவனிப்பதில்லை. ஜன்னலால் தற்செயலாகப் பார்த்த சிவரூபியின் கை அப்படியே நின்றது.

லக்சாயினி போட்டில் இருந்தாள். நாளைக்கென்று போட்டைத் துடைக்கப் போனவள், துணியை ஒருபக்கம் போட்டுவிட்டு, கைபேசியை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் துறைமுகம் முழுக்கத் தெரிய வேண்டும் என்றால் இருக்க வேண்டிய இடம் இடது மூலைதான். சத்தியம் நாளைக்குத்தானே என்று நினைத்தாளோ என்னவோ.

சிவரூபி மீன் செதிள் ஒட்டின கையோடு ஓடினாள். வேலிக் கடப்பைத் தாண்டும்போதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிள்ளை திரும்பிப் பார்த்துக் கை காட்டியது.

கடற்படைப் படகு எப்போதோ போய்விட்டது. அது விட்ட அலைதான் கடைசியாக வந்தது. பெரிய அலையும் இல்லை. மீன்பிடி வள்ளங்கள் ஒருமுறை எழும்பி அமர்ந்தன. இந்தப் போட் எழும்பவில்லை. இடது விளிம்பு தண்ணீருக்குள் போனது, கடல் உள்ளே நுழைந்தது, லக்சாயினி இருந்த இடத்தில் ஆளைக் காணவில்லை.

அந்த இடத்தில் ஆழம் நெஞ்சளவுதான். பிள்ளைக்கு நீந்தவும் தெரியும். கொஞ்சத்தில் தலை வெளியே வந்துவிட்டது. தண்ணீரைத் துப்பிக்கொண்டு சிரிக்கவும் தொடங்கினாள், கைபேசி போய்விட்டதே என்று. சிரிப்பு தாயின் முகத்தைக் கண்டதும் நின்றது. சிவரூபி இடுப்பளவு தண்ணீரில் வந்து, மகளின் இரண்டு காதுகளையும் கைகளால் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் யாருடைய பெயரைச் சொல்லப் பார்த்தாள் என்று பின்னால் ஓடிவந்த கிருஷாந்தனுக்குத் தெரியும்.

கரையேறியதும் அவள் சொன்னது ஒன்றுதான்.

"அப்பாவுக்குப் போன் அடியுங்கோ. மரம் அரியிற வாள் கொண்டு வரச் சொல்லுங்கோ."

தம்பு மத்தியானத்துக்குப் பிறகு நிலாவெளி பஸ்ஸில் வந்து இறங்கினார். வாளைச் சாக்கில் சுற்றிக் கமக்கட்டில் வைத்திருந்தார். என்ன ஏது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அதற்குள் அயலவர்கள் பிடித்துப் போட்டைக் கரைக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். அவர் இருக்கையைக் கழற்றி, மூடியில் சதுரமாகக் கோடு போட்டு, அறுக்கத் தொடங்கினார். வயது போன கை, ஆனால் கோட்டை விட்டு விலகவில்லை.

மூடியைத் தூக்கியதும் மணம் வந்தது. பூட்டிக் கிடந்த அலுமாரிக்குள்ளிருந்து வருகிற மாதிரிப் பழைய, புளித்த மணம். உள்ளே நுரை மஞ்சளாக, தேத்தண்ணியில் ஊறின பாண் போலக் கிடந்தது. கிருஷாந்தன் கையை விட்டு அள்ளினான். அள்ள அள்ளத் தண்ணீர் வழிந்தது. லக்சாயினி வாளியால் தண்ணீரைக் கோலி ஊற்றினாள்.

சிவரூபி உதவிக்கு வரவில்லை. தூரவும் போகவில்லை. ஒவ்வொரு அள்ளலும் மண்ணில் விழ விழப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருமுறை மட்டும் குனிந்து, பெட்டியின் அடியிலிருந்து வந்த ஒரு துண்டை எடுத்துப் பிழிந்து பார்த்துவிட்டு, விரலை நாக்கில் வைத்தாள். உப்பில்லை. குழாய்த் தண்ணீர்தான். அதற்குமேல் என்ன எதிர்பார்த்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ஆனாலும் முகம் அப்படியே விழுந்துபோனது.

இந்த ஊர்த் தெருக்களில் மாடுகளைப் போலத் திரியும் மான்களில் ஒன்று வந்து நுரைக் குவியலை மோந்து பார்த்துவிட்டுப் போனது. வெயில் சாய்ந்தபோது பெட்டி வெறுமையாகிவிட்டது. தம்பு மூடியைத் திரும்ப வைத்துத் தற்காலிகமாக ஒட்டி, ஆணி ஓட்டைகளையும் அடைத்தார். பிறகு திறந்து காயவிட்டு, புது ரெஜிபோம் நுரை போட்டு முழுக்க மூடலாம், இப்போதைக்குத் தாழாது என்றார். எல்லாருமாகத் தள்ளிப் போட்டைத் தண்ணீரில் விட்டார்கள்.

போட் நேராக நின்றது. ஆளில்லாத போட் எப்படி நிற்குமோ அப்படி நின்றது.

சிவரூபி அழுதாள். வாய்விட்டு அழவில்லை, கண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை. கோணேஸ்வரன் போன செய்தி வந்த அன்றுகூட அவள் அழவில்லை என்று ஊரில் சொல்வார்கள். தாய் அழ விடவில்லை. அவன் வருவான், ஏன் அழுகிறாய் என்று வாயை அடைத்துவிட்டாள். அந்த அழுகைதான் இப்போது வந்தது. லக்சாயினி தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். கிருஷாந்தன் கயிற்றைக் கட்டுவது போலப் பாசாங்கு செய்துகொண்டு மறுபக்கம் திரும்பினான்.

அந்த நேரம் தம்பு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். போட்டில் ஏறினார். போய் இடது மூலையில் இருந்தார். போட் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நின்றது.

கரையில் நின்ற மூன்று பேரும் அந்த மூலையையே பார்த்தார்கள். கிழவருக்கு மகனுடைய தோள், மகனுடைய கூனல். மங்கல் வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

"தம்பி," என்றார் மருமகனைப் பார்த்து, "இத விக்க வேண்டாம்."

"ஏன் மாமா? மீன் பிடிக்காத போட் எண்டு நீங்கள்தானே..."

"அது வேற கதை." அவர் இருக்கையின் விளிம்பைக் கையால் தடவினார். "நான் அவன் போன பிறகும் கடலுக்குப் போனனான். எத்தினை தரம் எண்டு இல்ல. என்ர வள்ளம் மீனுக்குப் போற வள்ளம். அதில போய் அவனுக்கு ஒரு பூப் போட எனக்கு மனம் வரேல்ல. இது ஒரு வேலைக்கும் உதவாத போட். இதில போகலாம்."

பிறகு மகளைப் பார்த்தார். உடம்பு கிடைக்கவில்லை என்று இவ்வளவு காலமும் பிள்ளையை நடுக்கடலில் விட்டு வைத்திருக்கிறோம் என்றார். கோணேசர் கோயில் மலையடிக்கு இந்தப் போட்டில் போய், ஐயரையும் கூட்டிக்கொண்டு, செய்ய வேண்டியதைச் செய்துவிடுவோம் என்றார்.

"கொம்மாவும் வரோணும். நான் சொன்னாக் கேக்க மாட்டா. நீதான் பிள்ளை சொல்லோணும்."

சொல்லி வைத்தது போல, தம்புவைக் கூப்பிட எடுத்துக் கிருஷாந்தனின் சட்டைப் பையிலேயே கிடந்த சிவரூபியின் கைபேசி அடித்தது. விளக்கு வைக்கும் நேரம். சல்லியிலிருந்து இரத்தினேஸ்வரி.

சிவரூபி வாங்கிக் காதில் வைத்தாள். வழக்கமான கேள்விதான் வந்திருக்கும். அவள் போட்டைப் பார்த்தாள். தகப்பன் இருந்ததால் அது சாய்ந்துதான் நின்றது. சாய்ந்து நிற்கிறது என்று சொன்னால் அது பொய்யும் இல்லை. இன்னொரு நாளைக் கடத்திவிடலாம். அப்படிச் சொல்லச் சொல்லித்தான் மனம் ஆசைப்பட்டது.

ஈரம் காயாத மகளின் தலைமயிர் கையில் பட்டது.

"நிமிந்திட்டுது அம்மா," என்றாள். "உள்ளுக்குத் தண்ணி இருந்தது. எனக்கு முந்தியே தெரியும். உங்களுக்குத்தான் சொல்லேல்ல. இண்டைக்கு அப்பா வந்து வெட்டி எடுத்தாச்சு. இப்ப நேரா நிக்குது."

தாய் வைத்துவிட்டாளோ என்று சிவரூபி கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இல்லை, இருந்தாள். மூச்சுக் கேட்டது. பிறகு குரல் வந்தது. அந்தக் குரலில் சிவரூபி பல வருஷமாகக் கேட்காத ஒரு சந்தோஷம் இருந்தது.

"நிமிந்திட்டுதோ? அப்ப இறங்கீட்டான்."

"அம்மா, நான் சொல்லுறதக் கேளுங்கோ..."

"கரைக்கு வந்திட்டான் எண்டா வீட்டுக்குத்தானே வருவான். பசியோட வருவான். நான் குசினி லைட்டப் போட்டுக் கதவத் திறந்து வைக்கிறன். இருட்டுக்குள்ள கூப்பிட்டா அவனுக்குக் கேக்காது. தெருவில போய் நிக்கிறன்."

தொடர்பு அறுந்தது. சிவரூபி திரும்ப எடுத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, அங்கே எடுக்க ஆளில்லை.

"என்னவாம்? வாறாவாமோ?" என்று தம்பு போட்டிலிருந்து கேட்டார்.

சிவரூபி கிருஷாந்தனைப் பார்த்தாள். அவன் மோட்டார்சைக்கிள் சாவியை எடுக்க வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தான்.

"அப்பா," என்றாள், "அந்த மூலையை விட்டு இறங்கி வாங்கோ. அம்மா தெருவுக்கு இறங்கீட்டா."